அழகமுத்தண்ணனின் புதுத்தூள்

எனக்கு வாய்க்கொழுப்பு என்று அம்மா சொல்வாள். இரத்தோட்டை பஸ் நிலையத்தில் பதினாறு வருஷம் டைம்கீப்பராக இருந்தவனுக்கு அது தொழிலோடு வந்தது என்று நான் சமாளிப்பேன். எண்பத்தொன்பதில், பஸ்ஸே ஓடாத ஒரு வாரத்தில், அந்த வாயால் ஒரு மனிதனைச் சாகடித்தேன்.

அரசாங்கத்தை எதிர்த்துத் துவக்குத் தூக்கிய சிங்களப் பையன்கள், கடைகளைப் பூட்டச் சொல்லி லைட் கம்பத்தில் துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தார்கள். மீறித் திறந்த ஒருவரைப் பக்கத்து ஊரில் கடை வாசலிலேயே சுட்டுப் போட்டிருந்தார்கள். அழகமுத்தண்ணனும் தன் கோப்பிக் கடையின் பலகைகளை அடைத்துவிட்டார். எனக்கோ கோப்பி இல்லாமல் பொழுது விடியாது. பின்பக்கத்து வாழைகளுக்குள் நுழைந்து போய்க் குசினிக் கதவைத் தட்டுவேன். அவர் பேசாமல் திறந்துவிடுவார்.

கோப்பி என்றால் அதுதான் கோப்பி. ரிவர்ஸ்டன் மலைப்பக்கத்து வேலிகளில் பழுத்த கொட்டையைப் பார்த்துப் பார்த்து வாங்குவார். இரும்புத் தாச்சியில் தானே நின்று வறுப்பார். அவர் மனைவி சுந்தரம்மா துளி சுக்கு சேர்த்து இடிப்பார். மூன்று நாள் தாண்டிய தூளை யாருக்கும் கொடுக்கமாட்டார்கள். மாத்தளைப் பெரிய கடைகளில் குடித்துவிட்டு இங்கே வந்து வாய் கழுவுகிறவர்களில் நானும் ஒருவன்.

ஐந்தாம் நாள் காலை ஒரு வாய் குடித்துவிட்டு கிளாசைத் தூக்கிப் பார்த்தேன்.

"என்னண்ணே, பழைய டிக்கெட்ட ஊறப்போட்டு வடிச்சீங்களா?"

விளையாட்டுக்குத்தான் சொன்னேன். அவர் முகம் சுண்டிவிட்டது.

"தூள் பழசாப் போச்சுங்கய்யா. வறுத்தா வாசம் ரோட்டுக்குப் போயிரும். கதவப் பூட்டலாம், வாசத்த எப்புடிப் பூட்டுறது?"

"அப்ப வெறும் சுடுதண்ணியக் குடுங்க. அதுல குத்தம் சொல்ல ஏலாது."

அடுப்படியிலிருந்து சுந்தரம்மா என்னைப் பார்த்தார். 'சும்மா இரு' என்ற பார்வை அது. நான் சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன்.

மறுநாள் போனபோது வாழைகளுக்குள்ளேயே வறுத்த வாசம் வந்தது. நான் பயந்திருக்க வேண்டும். எனக்கோ வாயில் எச்சில் ஊறியது. முதல் பிடியை இடித்து, வடித்து, ஒரு கிளாசை என் கையில் கொடுத்துவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார் அண்ணன்.

"இப்ப சொல்லுங்க."

நான் ஒரு வாய் உறிஞ்சினேன். பதில் சொல்வதற்குள் முன்பலகையைத் தட்டினார்கள்.

அவர்தான் போனார். சிங்களத்தில் ஓர் இளங்குரல் மரியாதையாகவே கேட்டது, கடை திறந்திருக்கிறதா என்று. வீட்டுக்குத்தான் வறுத்தேன் என்றார். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று கேட்டது. நானும் மனைவியும் மட்டும்தான் என்றார். கிளாசைக் கீழே வைத்தால் சத்தம் கேட்குமோ என்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு வெடி. பிறகு இன்னொன்று. சுந்தரம்மா முன்பக்கம் ஓடினார். நான் பின்பக்கம் ஓடினேன்.

கட்டளையை மீறியவனின் சவப்பெட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கக்கூடாது என்று அடுத்த துண்டு வந்தது. குனிந்து தூக்க நாலு பேர் வேண்டும் என்று என்னையும் கூப்பிட்டார்கள். போகாமல் இருக்க முடியுமா?

செத்த வீட்டில் வந்தவர்களுக்குக் கோப்பி கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மற்றவர்களுக்கு யாரோ தட்டில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். எனக்கு மட்டும் சுந்தரம்மா எழுந்து வந்து தன் கையால் கொடுத்தார்.

"நேத்து வறுத்த தூளுங்கய்யா. ஒங்களுக்காகத்தான் வறுத்தாரு. எப்புடி இருக்குன்னு நீங்க சொல்லவே இல்லையே."

குடித்தேன். என் ஆயுளில் அதைவிட நல்ல கோப்பி குடித்ததில்லை. வெட்கங்கெட்ட நாக்கு அதை ருசித்தது.

"நல்லா இருக்குங்க," என்றேன்.

"எங்கிட்ட எதுக்கு? அவருகிட்டப் போயிச் சொல்லுங்க."

பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அண்ணனின் முகம் என் பதிலுக்குக் காத்திருந்த அதே முகமாக இருந்தது. பெட்டியை மூடும்வரை நின்றேன். என் வாய் திறக்கவில்லை.