மூன்றாவது வாளி

இரண்டாம் முறையும் நீர் அறுந்தது. இலோனா வாளியைத் தரையில் வைத்துவிட்டு வலது தோளைப் பிடித்துக்கொண்டாள். பலகையில் ஹெனியா கிடந்தாள். அவள் மேல் ஓடிய நீர் வடிகாலில் இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது. யூத முறைப்படி இறந்தவரைத் தேய்த்துக் கழுவியபின் மூன்று வாளி நீரை ஒரே ஒழுக்காக ஊற்ற வேண்டும். ஒன்று தீர்வதற்குள் அடுத்தது விழத் தொடங்கியிருக்க வேண்டும். நடுவில் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து. சீமா வெள்ளைத் துணியை இழுத்து ஹெனியாவை மூடினாள்.

"இங்க பேசக் கூடாதுதான்," என்றாள் இலோனா. "ஆனா இந்தத் தோள் இனி ரெண்டு வாளி தூக்காது. ஒண்ணுன்னா எப்படியாவது ஊத்திடுவேன்."

மூன்றாவது ஆளாகக் கோதன்பர்க்கிலிருந்து வர வேண்டியவள் பனியில் ரயில் நின்றுவிட்டதென்று காலையிலேயே போனில் சொல்லிவிட்டாள். வெள்ளிக்கிழமை வேறு, பொழுது சாய்ந்தால் சபாத் ஓய்வுநாள், அதற்குள் அடக்கம் முடிய வேண்டும். சுவீடனின் இந்தச் சிற்றூரான போரோஸில் மிஞ்சியிருந்த யூதப் பெண்களில் வாளி தூக்கக்கூடியவர்கள் இந்த இருவர்தான். மற்றவர்கள் முதியோர் இல்லத்தில், அல்லது பிள்ளைகளோடு வேறு ஊரில், அல்லது ஹெனியாவின் கையால் குளித்து மண்ணுக்குள்.

யார் இறந்தாலும் ஆலையில் ஷிப்டைப் பாதியில் விட்டு வந்தவள் ஹெனியா. துக்க வீட்டுக்கு வழக்கப்படி அவித்த முட்டையோடு போவாள். அங்குள்ளவர்கள் வாய் திறக்கும்வரை தானும் திறக்காமல் உட்கார்ந்திருப்பாள். சீமாவின் அம்மா இறந்த அன்று ஈர ஏப்ரனோடு இதே கதவை மறித்து நின்றாள். "மக உள்ள வரக் கூடாது. நாங்க இருக்கோம்." அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகளில் சாய்ந்துதான் சீமா அந்த நாளைக் கடந்தாள்.

சீமா வெளியே வந்தாள். பெஞ்சில் ஹெனியாவின் மகள் தோவா கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

"முடிஞ்சுதா அத்தை?"

"இல்லம்மா. நானும் பாத்துட்டேன், முதல் வாளிய வச்சுட்டு மூணாவத எடுக்கறதுக்குள்ள தண்ணி அறுந்துடுது. மூணாவது ஆள் இல்லாம முடியல."

"மக வரக் கூடாதுன்னு ஊருக்கெல்லாம் சொன்னதே எங்கம்மாதானே."

"சொன்னவளுக்குத்தான் இப்ப ஆள் இல்ல."

தோவா சிரித்தாள். "என் பத்தாவது பிறந்தநாளுக்குக் கேக் மேல மெழுகுவத்தி எரிஞ்சுக்கிட்டிருக்கும்போது எழுந்து போனாங்க. யாரோ ஒரு கிழவி செத்துட்டாளாம். எந்தக் கிழவி அத்தை?"

சீமா ஆண்டுகளை எண்ணிப் பார்த்தாள். அது தன் அம்மாவாகவே இருக்கலாம்.

"ரெண்டு பேருமா எப்படியோ ஊத்திட்டு வாங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும். அவளுக்குக் குறை வச்சு அனுப்ப என்னால முடியல, தோவா."

தோவா எழுந்து கோட்டைக் கழற்றினாள்.

கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் உள்ளே வந்தாள். இலோனா துணியை விலக்கினாள். சீமா முதல் வாளியை ஊற்றினாள். அது மெலிவதற்குள் இலோனா பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டாவதைச் சாய்த்தாள். சீமா ஓடிப்போய், மூன்றாவது வாளியோடு நின்ற தோவாவின் முழங்கையைப் பிடித்துத் தலைமாட்டுக்குத் திருப்பினாள். நீர் விழுந்தது. அறுபடாமல் கால்வரை ஓடியது. சீமா மூச்சை விட்டாள்.

வாளி காலியானதும் தோவா கண்ணைத் திறந்தாள். அம்மாவின் இடது மார்பு இருந்த இடத்தில் ஒரு நீண்ட பழைய தழும்பு.

"இது எப்ப?"

இலோனா துணியைத் தேடினாள்.

"நாளாச்சு," என்றாள் சீமா. "ஆபரேஷனுக்கு நான்தான் கூடப் போனேன். உன்கிட்ட அவளே சொல்லியிருப்பாள்னு நெனச்சேன்."

"உங்ககிட்ட சொல்லியிருக்காங்க," என்றாள் தோவா. "உங்கம்மா செத்தப்ப முட்டையும் உங்க வீட்டுக்குத்தான் கொண்டு வந்திருப்பாங்க."

அடக்கத்துக்கான லினன் உடை உடுத்தி முடித்ததும் வழக்கப்படி சீமா குனிந்து, "ஹெனியா, மோர்தகாயின் மகளே, உன் மானத்துக்குக் குறைவாக ஏதாவது செய்திருந்தால் எங்களை மன்னித்துவிடு" என்றாள். எத்தனையோ பேரிடம் சொன்ன வாசகம். இலோனா திரும்பச் சொன்னாள். தோவா சொல்லவில்லை.

வெளியே குழாயில் மூவரும் கை கழுவினார்கள். வழக்கப்படி ஈரத்தைத் துடைக்கக் கூடாது, தானே உலர வேண்டும். இலோனா நல்ல கையால் தோளைத் தாங்கியபடி வண்டியை நோக்கி நடந்தாள். தோவா கோட்டின் மேல் படாமல் இரு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு பனியில் நின்றாள். விரல்களிலிருந்து மெல்லிய ஆவி எழுந்து நின்றுபோனது. பிறகு கைகள் சிவந்தன. அவற்றைப் பற்றிக்கொள்ள சீமா ஓரடி எடுத்து வைத்தாள். தோவா கைகளை இறக்கவும் இல்லை, அவள் பக்கம் திருப்பவும் இல்லை.