எர்த் கம்பி

பொழுது புலரும்போதே பெட்டிகள் இறங்கிவிட்டன. ஒவ்வொரு ஸ்பீக்கரையும் நாலு பேர் தோள்கொடுத்து மேடையின் இருபுறமும் ஏற்றினார்கள். மைதானம் ஈரமாகக் கிடந்தது. மிக்ஸர்காரன் மேசையடியில் மண்டியிட்டு மைக் வயர்களை ஒவ்வொன்றாக மிக்ஸர் பெட்டியில் சொருகினான். முதல் துளையில் பேச்சாளர், இரண்டில் பாடகி, மூன்றில் மேளம்.

மேடையிலிருந்து வயரைச் சுருள் பிரித்துக்கொண்டு வந்தவள் அவன் தங்கை. போன மாதம்வரை அந்த வேலை அவள் புருஷனுடையது. அவன் மைக்கைப் பிடித்தபடியே செத்தான். விரல்களைப் பிரிக்க மூன்று பேர் வேண்டியிருந்தது.

அடக்கம் முடிந்த ஐந்தாம் நாள் சவுண்ட் சர்வீஸ் முதலாளி அவளுக்குச் சொல்லியனுப்பினார். புருஷன் வேலையை அவளே பார்க்கலாம், பாதிக் கூலிக்கு. கூடவே ஒரு காகிதமும் வந்தது. குடித்துவிட்டு வேலைக்கு வந்ததால் செத்தான் என்று அதில் எழுதியிருந்தது. இன்று மாலைக்குள் கையெழுத்துப் போடாவிட்டால், கிடங்குக்குப் பின்னால் அவள் குடியிருக்கும் அறையைக் காலி செய்ய வேண்டும்.

மிக்ஸர் சுவிட்சைப் போட்டதும் ஸ்பீக்கர்கள் ரீங்கரித்தன. எந்த இணைப்பால் அந்த இரைச்சல் என்று தேடிப் பிடிக்க இரண்டு மணி நேரமாகும். பிளக்கைத் திறந்து எர்த் கம்பியை வெட்டினால் இரண்டே நிமிடத்தில் இரைச்சல் அடங்கிவிடும். தொழிலில் எல்லோரும் வெட்டுவார்கள். வெட்டியபின் மிக்ஸருக்குள் மின்சாரம் கசிந்தால், மைக்கைப் பிடித்தவன் உடம்பு வழியாகத்தான் அது தரையிறங்கும். அதுவும் எல்லோருக்கும் தெரியும்.

முதலாளி நாற்காலியை விட்டு எழவில்லை. "என்னய்யா, தேனீ வளக்கிறியா? வெட்டி விடு."

"தேடிப் பாக்கிறேங்க."

"போன மாசம் வெட்டத் தெரிஞ்சுது. இப்ப கை சுளுக்கிடுச்சா?"

வயர் சுருள் தங்கையின் கையில் நின்றது.

அவன் எழுந்தான். "நான்தான் வெட்டினேன். இவரு சொன்னாரு, வெட்டினேன். மச்சான் குடிக்கல."

"ஒரு மாசமா என் வீட்டுல சாப்பிட்டியே," என்றாள் அவள்.

குடும்பச் சண்டையை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், ஒன்பது மணிக்குச் சத்தம் வர வேண்டும் என்றார் முதலாளி.

தங்கை அவன் கையிலிருந்த வயர் வெட்டும் கட்டரைப் பிடுங்கினாள். ஸ்பீக்கர் ஏற்றுபவர்கள் பதறி ஓடிவந்தார்கள். அவள் அதை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இத போலீஸ்ல சொல்லணும்."

"சொல்றேன்."

"அப்பறம் என் மூஞ்சில முழிக்காத."

"சரி."

அவள் குனிந்து முதல் மைக் வயரைப் பிடுங்கினாள். இரண்டாவதை ஸ்பீக்கர் ஏற்றுபவர்களில் மூத்தவர் பிடுங்கினார். பிறகு எல்லாக் கைகளும் சேர்ந்துகொண்டன. அந்தக் காகிதத்தைக் கிழித்து எறிந்து, அவள் புருஷன் செத்த காரணத்தை முதலாளி உள்ளபடி எழுதித் தரும்வரை மைக் ஏறாது என்றார் மூத்தவர். முதலாளி சிரித்துக்கொண்டே போனை எடுத்தார்.

எட்டு மணிக்கு வேறு கம்பெனி லாரி வந்தது. முதலாளி வாசல்வரை போய் வரவேற்றார். வந்தவர்களில் ஒரு கிழவர் மட்டும், மேசையைச் சுற்றித் தரையில் உட்கார்ந்திருந்தவர்களிடம் என்ன விஷயம் என்று கேட்டார். மூத்தவர் சொன்னார். கிழவர் தன் கைகளைப் பார்த்தார். பிறகு லாரியின் பின்கதவைச் சாத்திக் கொக்கி போட்டார்.

"எங்க மிக்ஸர்லயும் எர்த் இல்லம்மா," என்றபடி உட்கார வந்தார். அவருடைய ஆட்களும் ஒவ்வொருவராக வந்தார்கள்.

முதலாளி போனில் அடுத்த எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார். மிக்ஸர்காரன் தள்ளியே நின்றான்.

"நகருங்க. அவனும் உக்காரட்டும்," என்றாள் தங்கை, அவன் பக்கம் திரும்பாமல்.