மாமாவின் உயரம்

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஜன்னலுக்கும் என் எழுதும் மேசைக்கும் நடுவே ஐந்தரை அடிச் சுவர் மிச்சமிருந்தது. தனியாகிவிட்ட மாமனார் எங்களோடு வந்து இருக்கச் சம்மதித்திருந்தார். பகலில் சுவரோடு மடக்கி வைக்கும் கட்டில் ஒன்றை அவருக்காக அங்கே செய்வதாக ஏற்பாடு. மேசையை மட்டும் யாரும் தொடக்கூடாது என்று நான் முன்பே சொல்லியிருந்தேன்.

தச்சர் சுவரை அளந்துவிட்டு, "படுக்கிறவர் என்ன உயரம்?" என்று கேட்டார். என் மனைவிக்குச் சரியாகத் தெரியவில்லை. கைபேசியை ஸ்பீக்கரில் போட்டு அப்பாவையே கேட்டாள்.

"அங்க எவ்வளவு இடம் இருக்கும்மா?"

"அஞ்சரை அடிப்பா."

"நான் அஞ்சடி நாலு அங்குலம்தான். தாராளமாப் போதும். உருண்டு புரளலாம்."

அவள் கைபேசியை வைத்துவிட்டுத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன மாதம் ஆஸ்பத்திரிக் கட்டிலின் கம்பிகளுக்கு வெளியே நீண்டிருந்த அவருடைய பாதங்களை நாங்கள் இருவரும்தான் மாறி மாறிப் போர்த்திவிட்டோம். ஆனாலும் மேசையை நகர்த்தச் சொல்லி அவள் என்னிடம் கேட்கவில்லை.

நான் மேசையின் இழுப்பறைகளைக் காலி செய்யத் தொடங்கினேன்.

"அப்புறம் எங்க உக்காந்து எழுதுவீங்க?" என்றாள்.

"சமையல் மேடையில. பசிச்சா கைக்கெட்டுற தூரம்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தச்சர் அளவு நாடாவை மறுபடி இழுத்தார்.

"ஆறடி எழுதிக்கவா சார்?"

"ஆறரை எழுதுங்க," என்றேன். "அவர் உருண்டு புரளணுமாம்."