நிற்கிற வள்ளம்

ஒரு நங்கூரம் வாங்குவதற்காக இரண்டு வளர்ந்த மனிதர்கள் ஒரு மழைக்காலம் முழுக்கச் சண்டை பிடிப்பார்கள் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. ஒருவர் என் கணவர் சண்முகலிங்கம். மற்றவர் கொட்டாஞ்சேனைக் கிளெமென்ற். துறைமுகக் கந்தோரில் ஒன்றாக வேலை பார்த்து ஒன்றாகவே ஓய்வு பெற்றவர்கள். காலம் முழுக்கக் கப்பல்களைக் காகிதத்தில் பார்த்தவர்கள் என்பதால், தண்ணீர் விசயமெல்லாம் தங்களுக்குத் தெரியும் என்ற நினைப்பு இரண்டு பேருக்கும் இருந்தது.

வள்ளம் ஹெக்டருடையது. அவரும் அதே கந்தோர்தான். பொல்கொட ஏரிக்கரையில் தம்பியாரோடு இருந்தவர், மெல்பேணுக்கு மகளிடம் போகும்போது, "நீங்க ரெண்டு பேரும் வச்சு ஓடுங்கோ" என்று சொல்லி விட்டுப் போய்விட்டார். நாலு பேர் இருக்கக்கூடிய சின்ன பைபர் வள்ளம். பின்னால் ஒரு குட்டி மோட்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளவத்தையில் ரயில் ஏறி மொரட்டுவையில் இறங்கி, அங்கிருந்து ஓட்டோ பிடித்துப் போய், அரை நாள் ஏரியைச் சுற்றிவிட்டு, முகம் கறுத்து, பசியோடு திரும்பி வருவார் என் மனிசர். அப்படிச் சந்தோசமாக அவரை நான் கண்டு கனகாலம். அது எனக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது.

ஆனால் அவருக்கு ஒரு குறை. நான் வரவேண்டும்.

"நீர் ஒருக்கா வந்து பாரும், பத்மா. கண்ணாடி மாதிரிக் கிடக்கும் தண்ணி."

"எனக்கு வேண்டாம்."

"என்ன பயம்? குளம்தானே?"

என்ன பயம் என்று அவருக்கு நான் சொன்னதில்லை. தொண்ணூற்று மூன்றில், சண்டையால் தரைப்பாதை மூடிக் கிடந்தபோது, நான் யாழ்ப்பாணத்திலிருந்து கிளாலிக் கடலேரி வழியாக வந்தவள். அவர் அப்போது கொழும்பில். இருட்டில் வள்ளங்களை ஒன்றோடொன்று கயிற்றால் கட்டி, முன் வள்ளத்து மோட்டரால் இழுத்துக்கொண்டு போவார்கள். எங்கள் வள்ளத்தின் கயிறு நடுவில் அறுந்துவிட்டது. மோட்டர்ச் சத்தம் தூரப் போய்விட்டது. காற்றும் நீரும் இழுத்த பக்கமெல்லாம் நாங்கள் போனோம். பிடித்து நிறுத்த வள்ளத்தில் ஒன்றுமே இல்லை. எப்படியோ கரை சேர்ந்து, கொழும்பு கோட்டை ஸ்ரேசனில் இறங்கியபோது இவர் கையில் பணிஸ் பையோடு, சிரித்த முகத்தோடு நின்றார். "பிரயாணம் எப்பிடி?" என்றார். அந்த முகத்தைப் பார்த்து எதைச் சொல்வது? "பரவாயில்லை" என்றேன். அதற்குப் பிறகு அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வருசங்கள் ஓடிவிட்டன. வள்ளம் என்ற சாமானில் நான் கால் வைக்கவும் இல்லை.

அவர் விடவில்லை. கடைசியில் ஆக்கினை தாங்காமல் ஒரு நாள் சொன்னேன்:

"ஓடுற வள்ளத்திலை நான் ஏறமாட்டன். ஒரு இடத்திலை நிக்குமெண்டால் சொல்லுங்கோ. மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டு முடியுமட்டும் அரக்காமல் அசையாமல் நிண்டால், அடுத்த முறை நான் வாறன்."

தட்டிக்கழிக்கத்தான் அப்படிச் சொன்னேன். அவர் அதைப் பிடித்துக்கொண்டார். அன்று தொடங்கியதுதான் இந்த நங்கூரச் சண்டை.

கிளெமென்றுக்குக் கப்பல்காரரின் தொப்பிச் சின்னத்தில் இருப்பது போன்ற நங்கூரம் வேண்டும். "ஐசே, அதுதான் நங்கூரம். மற்றதெல்லாம் இரும்புச் சாமான்" என்பார். இவருக்கு நாலு கொழுக்கியோடு குடை மாதிரி மடங்குகிற நங்கூரம் வேண்டும். ரயிலில் கொண்டுபோகச் சுகம், பையில் அடங்கும், பார்க்கவும் வடிவு. எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து, என் தேத்தண்ணியைக் குடித்துக் குடித்து இரண்டு பேரும் இதையே கதைத்தார்கள். அந்த ஏரியின் அடியில் என்ன இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில், கொட்டாஞ்சேனையிலிருந்து அந்தப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு வரவேண்டியது தான்தானே என்று யோசித்துக் கிளெமென்ற் விட்டுக்கொடுத்தார். குடை நங்கூரம் வந்தது.

பரீட்சை நாளன்று நானும் போனேன், கரையில் இருந்து பார்க்க. மொரட்டுவைச் சோதனைச் சாவடியில் ஆமிப் பொடியன் பையைத் திறந்து, கொழுக்கிகளை விரித்து, மடக்கி, திரும்ப விரித்தான். கிளெமென்ற் சிங்களத்தில் ஏதோ பகிடி விட்டார். பொடியன் சிரித்துக்கொண்டு எங்கள் அடையாள அட்டைகளைத் திருப்பித் தந்தான்.

ஹெக்டர் வீட்டு மாமரத்துக்குக் கீழே கதிரை போட்டு இருந்தேன். அவர்கள் ஏரி நடுவில் நங்கூரத்தைப் போட்டார்கள். எனக்குக் கை காட்டினார்கள். பிறகு சோற்றுப் பார்சலை அவிழ்த்தார்கள். நான் கேத்திர கணிதம் படிப்பித்தவள். ஒரு புள்ளி அசைகிறதா என்று பார்க்க இன்னும் இரண்டு புள்ளி வேண்டும் என்பது எனக்குப் பழகிய விசயம். வள்ளத்துக்கு நேரே அக்கரையில் ஒரு தென்னை நின்றது. அதற்கும் பின்னால் ஒரு தண்ணீர்த் தாங்கி. மூன்றும் ஒரு கோட்டில் நின்றன.

அவர்கள் சாப்பிட்டார்கள். சீட்டு விளையாடத் தொடங்கினார்கள். வள்ளம் தென்னையை விட்டு மெல்ல விலகியது. விலகிக்கொண்டே இருந்தது. இரண்டு பேரும் தலை நிமிரவில்லை. நான் எழும்பிக் கத்தினேன். திரும்பவும் கை காட்டினார்கள். வள்ளம் போய் நாணல் பற்றைக்குள் செருகி, ஒரு கொக்கு எழும்பிப் பறந்தபோதுதான் கிளெமென்ற் சீட்டைக் கீழே வைத்தார்.

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்தது. ஆனால் சிரித்து முடிந்ததும் உள்ளே ஒன்று கவலைப்பட்டது. நின்றிருந்தால் நான் ஏறவேண்டி வந்திருக்கும். நிற்கவில்லை, தப்பினேன். தப்பினவளுக்கு ஏன் கவலை? திரும்பி வரும்போது ரயில் யன்னலால் கடலைப் பார்த்துக்கொண்டு வந்த இவரின் முகம்தான் காரணம்.

வீட்டுக்கு வந்து அந்தக் கயிற்றை எடுத்துப் பார்த்தேன்.

"இதென்னப்பா, இவ்வளவுதானோ கயிறு?"

"ஆழத்தைத் தடியாலை அளந்தனான். அதுக்கு மேலை ஒரு முழம் விட்டு வெட்டினனான். வேறென்ன வேணும்?"

அப்போது விளங்கியது. யாழ்ப்பாணத்தார் வாளிக்குக் கயிறு வாங்குகிற கணக்கு! கிணறு எவ்வளவு ஆழமோ அவ்வளவு கயிறு, கைக்கு ஒரு முழம் கூட. பாவம், அந்தக் குடை நங்கூரம் வாளி மாதிரி நேரே தொங்கிக்கொண்டு சேற்றைத் தடவித் தடவிப் போயிருக்கிறது.

அடுத்த கிழமை நானே கொட்டாஞ்சேனைக்குப் போனேன். ஆண்கள் இருவரும் பின்னால் வந்தார்கள். அங்கே எங்களைத் தெரிந்த ஜாபிரின் கடையில் வலை, கயிறு, மிதவை என்று மீன்பிடிச் சாமான்கள் கூரை வரை தொங்கும்.

"அடியில என்ன டீச்சர், கல்லா, சேறா?" என்று கேட்டார் ஜாபிர்.

"சேறு. நாணல் பற்றைக்குள்ளை இருந்து வந்த இவையின்ரை காலைப் பாத்தனான்."

கிளெமென்ற் தொண்டையைச் செருமினார். ஜாபிர் நாலைந்து நங்கூரங்களைக் கீழே பரப்பினார். ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் இழுத்துப் பார்த்தேன். கலப்பை போல ஒன்று நன்றாகத்தான் இருந்தது, ஆனால் எங்கள் வள்ளத்துக்குப் பாரம். இன்னொன்றுக்கு இரண்டு தட்டையான தகடுகள், சுழலக்கூடிய மாதிரி. படுக்கவைத்து இழுத்தால் தகடுகள் சரிந்து கீழே குத்தின. தண்டைத் தூக்கி இழுத்தால் கிளம்பி வந்துவிட்டது. எனக்கு அது போதும்.

"இதைத் தாங்கோ. முன்னுக்குக் கட்ட ஒரு துண்டுச் சங்கிலி. கயிறு, ஆழத்தைப்போல ஆறு மடங்கு."

"ஆறு மடங்கோ! எவ்வளவு கயிறப்பா, என்னத்துக்கு?" என்றார் இவர்.

"கிணத்துக்கெண்டால் நேரை இறக்கலாம். இது இழுவைக்கு. கயிறு சரிஞ்சு கிடந்தாத்தான் தகடு சேத்துக்குள்ளை இறங்கும். கோணம் சின்னனா இருக்கோணும்."

ஜாபிர் கயிற்றை அளந்துகொண்டே கேட்டார்: "அப்ப டீச்சரும் போட்ல போறீங்களா?"

கடையில் மூன்று ஆண்களும் என்னைப் பார்த்தார்கள். இவர் பார்த்த பார்வையில் கெஞ்சல் இருந்தது. வாக்குப்படி இன்னொரு பரீட்சை வைத்துவிட்டுத்தான் நான் ஏறவேண்டும். ஆனால் நானே தெரிவு செய்து, நானே இழுத்துப் பார்த்து எடுத்த நங்கூரம். அதை நம்பாவிட்டால் நான் படிப்பித்த கணக்கையும் நம்பாத மாதிரி.

"ஓம்" என்றேன்.

அந்த ஞாயிறு வள்ளத்தில் ஏறும்போது நான் பயந்தேன். சாப்பாட்டுப் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மோட்டர்ச் சத்தம் கேட்டபோது கண்ணை மூடினேன். ஏரி நடுவில் கிளெமென்ற் மோட்டரை நிறுத்தினார். சத்தம் நின்றதும் வள்ளம் தன்பாட்டில் திரும்பியது. கிளாலியில் திரும்பியது போலவே.

"கெதியாத் தாங்கோ அதை!" என்று கத்திவிட்டேன். பையைப் போட்டுவிட்டு நங்கூரத்தை வாங்கி நானே தண்ணீரில் இறக்கினேன். சங்கிலி போனது. கயிறு என் கையால் வழுகி வழுகிப் போனது. வள்ளம் பின்னால் இழுபட்டது, இன்னும் இழுபட்டது. பிறகு ஒரு சின்னக் குலுக்கல். முன்பக்கம் காற்றுக்கு நேரே திரும்பி நின்றது.

நான் அக்கரையைப் பார்த்தேன். தென்னை; தென்னைக்குப் பின்னால் தண்ணீர்த் தாங்கி. பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டும் ஒன்றை விட்டு ஒன்று விலகவில்லை.

சாப்பிட்டோம். கத்தரிக்காய்ப் பொரியல், பருப்பு, கிளெமென்றின் மனைவி மேபல் எங்களுக்கென்று மீன் போடாமல் செய்து அனுப்பிய கட்லட். கிளெமென்ற் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு குறட்டை விட்டார். வெயில் இதமாக இருந்தது.

இவர் கையைத் தண்ணீரில் கழுவிவிட்டு, என்னைப் பார்க்காமல், மெல்லிய குரலில் கேட்டார்:

"பத்மா, கிளாலியாலை வந்தனீர். அண்டைக்கு எப்பிடி இருந்தது?"

கோட்டை ஸ்ரேசனில் கேட்ட அதே கேள்வி. சற்று முன் நான் கத்தியதில் அவருக்கு ஏதோ விளங்கியிருக்கவேண்டும்.

சொன்னேன். கயிறு அறுந்ததைச் சொன்னேன். பக்கத்தில் இருந்த பெண்ணைப் பற்றிச் சொன்னேன். யாரென்று தெரியாது, பெயரும் கேட்கவில்லை. வள்ளம் இழுபடத் தொடங்கியதும் அவள் தன் சேலைத் தலைப்பையும் என் தலைப்பையும் சேர்த்து முடிச்சுப் போட்டாள். "தனியப் போகாமல் இருப்பம் அக்கா" என்றாள். விடிந்து கரையில் இறங்கிய பிறகு அந்த முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. இரண்டு பேரின் கையும் அப்படி நடுங்கியது. கடைசியில் யாரோ ஒருவர்தான் அவிழ்த்துவிட்டார்.

சொல்லி முடிக்க நெடுநேரம் எடுத்தது. இவர் முன்னுக்குப் போய் நங்கூரக் கயிற்றைக் கையால் பிடித்து ஒருமுறை இழுத்துப் பார்த்தார். வந்து எனக்குப் பக்கத்தில், என் சேலை கசங்குகிற அளவுக்கு நெருங்கி இருந்தார். கண் கலங்கியிருந்தது.

"அசையேல்லை" என்றார்.

கிளெமென்ற் தொப்பியை எடுத்துவிட்டு எழும்பினார். "என்ன அக்கா, போவமா?"

நான் அக்கரையைப் பார்த்தேன். தாங்கி தென்னைக்குப் பின்னால்தான் நின்றது.

"என்ன அவசரம், கிளெமென்ற்?" என்றேன். "இன்னும் கொஞ்சம் நிப்பம்."