சம்மதமாகாத 'ம்'

மருந்துத் தொழிற்சாலையில் பாட்டில் லேபிள்களைச் சரிபார்ப்பவளுக்கு 'ம்மக்கா' என்று பட்டப்பெயர். யார் என்ன சொன்னாலும் "ம்" என்பாள், அவ்வளவுதான். 'கேட்டுக்கிட்டிருக்கேன், மேலே சொல்லு' என்பது அதன் பொருள். உலகம் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது. அதை நம்பித்தான் அவள் கணவன் வீட்டுக் கூடத்துக்குக் கத்திரிப்பூ நிறம் அடித்தான். ஏழு வருடமாக அந்தச் சுவரைப் பார்த்தபடிதான் சாப்பிடுகிறாள்.

பிரிவுத் தலைவர் ஓய்வு பெற்றார். அந்த நாற்காலிக்கு இரண்டு பேர். ஒருத்தி ம்மக்கா, இன்னொருவர் 'மைக்செட்டு' என்று பட்டப்பெயர் வாங்கியவர். அவர் பேசிக்கொண்டே லேபிள் பார்ப்பார். பேச்சும் நிற்காது, லேபிளும் நிற்காது. போன மாதம் குழந்தைகள் மருந்தில் 'ஐந்து சொட்டு' என்பது 'ஐம்பது சொட்டு' என்று அச்சாகி, அவர் கையைத் தாண்டி வந்தது. ம்மக்காதான் பிடித்தாள். தலைவர் கையெழுத்துப் போட்டுவிட்டால் அதற்கு மேல் பார்க்க ஆள் கிடையாது. அதனால்தான் அந்தப் பதவி அவளுக்கு வேண்டும்.

"அமைதியானவங்களுக்குன்னே தலைமைப் பயிற்சி இருக்காம். போய்ட்டு வாங்க," என்றார் மேலாளர். "பயிற்சியாளர் எழுதித் தர்றதைப் பாத்து முடிவு பண்ணிக்கலாம்."

"ம்."

அமைதியின் மகத்துவத்தைப் பற்றிப் பயிற்சியாளர் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம், மூச்சு விடாமல் பேசினார். பயிற்சி அறையில் நீலச் சோபாவுக்கு மேலே 'உங்கள் மௌனம் பேசட்டும்' என்று பலகை மாட்டியிருந்தது. பாவம், மௌனத்துக்குத்தான் இடைவெளி கிடைக்கவில்லை.

"உங்களை மாதிரி ஆளுங்க ஆழமானவங்க. முன்னால நிக்க ஆசைப்பட மாட்டீங்க, இல்லையா?"

"ம்."

"பின்னால நின்னு தாங்குறதுதான் உங்களுக்குப் பிடிக்கும்."

"ம்."

"அருமை! மனசு விட்டுப் பேசுறீங்க."

மூன்றாம் நாள் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு நல்ல உரையாடல் தன் வாழ்நாளில் அமைந்ததே இல்லை என்றார்.

திங்கட்கிழமை மேலாளர் அறையில் அறிக்கை தயாராக இருந்தது. பயிற்சியாளரும் வந்திருந்தார், முகமெல்லாம் பல்.

"உங்களுக்குப் பெரிய மனசுங்க," என்றார் மேலாளர். "பதவி வேணாம், மைக்செட்டுக்குப் பக்கபலமா இருக்கேன்னு நீங்களே சொன்னீங்களாமே. பதினாலு தடவை ஒத்துக்கிட்டதா எழுதியிருக்கார்."

வழக்கமான எழுத்து ம்மக்காவின் தொண்டைவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்து விழுங்கினாள்.

"இல்ல."

மைக்செட்டின் பெயரை எழுதி முடித்த மேலாளரின் பேனா நின்றது.

"அது சம்மதம் இல்ல சார். இவர் பேசிட்டே இருந்தார், நான் கேட்டுட்டே இருந்தேன். உனக்கு வேணுமான்னு யாரும் கேக்கல."

"அப்ப... வேணுமா?"

"வேணும். அன்னைக்கு நான் பாக்கலைன்னா அம்பது சொட்டு வெளிய போயிருக்கும். நாளைக்குப் போனா நீங்கதான் பதில் சொல்லணும்."

குழந்தைகளை நினைத்து அல்ல, அந்தக் கடைசி வாக்கியத்தை நினைத்து மேலாளருக்கு வியர்த்தது. மைக்செட்டின் பெயரை அடித்துவிட்டு அவள் பெயரை எழுதினார்.

பயிற்சியாளர் துள்ளி எழுந்தார். "பாத்தீங்களா சார்? மூணே நாள்ல பேச வச்சிட்டேன்! அடுத்த கட்டம் ஆறு வாரம் இருக்கும்மா, சேந்துக்கறீங்களா?"

"மாட்டேன்."

"அடடா, என்ன ஒரு தெளிவு!" அதையும் தன் சாதனையாகக் குறித்துக்கொண்டார்.

கீழே, மைக்செட்டு காலையிலிருந்து பார்த்துத் தள்ளிய பதினொரு பாட்டில் கட்டுகள் வண்டிக்குக் காத்திருந்தன. ம்மக்கா முதல் கட்டைப் பிரித்தாள்.

"ஏங்க, வந்ததும் வராததுமாவா? நான்தான் பாத்துட்டேனே. டிரைவர் வேற வெளிய நின்னு கத்துறாரு."

"கத்தட்டும்," என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.