புலி வருஷத்துக்காரிகள்

மலேசியாவின் ஈப்போவில் கல்யாண வீடு என்றால் காலையிலேயே எல்லோரும் எல்லோரையும் அதட்ட ஆரம்பித்துவிடுவார்கள். புய் முன் என்ற மணப்பெண்ணின் வீட்டில் அதட்டுவதற்கென்றே ஒருத்தியைக் கூலிக்கு அமர்த்தியிருந்தார்கள். கொண்டையில் சிவப்புப் பூ வைத்த சாம் கூ. ஊரில் பாதிக் கல்யாணங்கள் அவள் வாயால்தான் நடந்தன.

"புலி வருஷத்துல பொறந்தவங்க பொண்ணு ரூமுக்குள்ள காலை வைக்கக் கூடாது! பொண்ணு வாசப்படி தாண்டறப்ப முகத்தைத் திருப்பிக்கணும்! அப்புறம் குடும்பம் விளங்கலைன்னு எங்கிட்ட வந்து நிக்காதீங்க!"

சீனக் கணக்கில் வருஷத்துக்கு ஒரு மிருகம்; புலி வருஷத்தில் பிறந்தவர்கள் கல்யாணத்துக்கு ஆகாது என்பது நம்பிக்கை. பத்து மணிக்கு மாதா கோயிலில் பாதிரியார் முன்னால் மோதிரம் மாற்றப்போகிறவளுக்குப் புலியாவது எலியாவது என்று யாராவது கேட்கலாம்தான். கேட்டால் அடி விழும். காலையில் வெள்ளை கவுன், சாயங்காலம் தங்க டிராகன் பின்னிய சிவப்புப் பட்டு, நடுவில் பெரியவர்களுக்கு மண்டியிட்டு டீ. எந்தச் சாமியையும் பகைத்துக்கொள்ளாத ஊர் அது.

குவாய் ஹியோங் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு மணப்பெண் அறைக்குள் தாராளமாகப் போய் வந்தாள். அவளும் புலிதான். ஸ்டூடியோ வைத்திருந்த அப்பா, ஆண்கள் நுழைய முடியாத மணப்பெண் அறைகளுக்குள் அனுப்ப வேண்டுமென்று சின்ன வயதிலேயே அவளை மாடு வருஷமாக்கிவிட்டார். அப்பா போன பிறகும் அவள் மாடாகவே இருந்தாள். புலி என்று தெரிந்தால் மறுநாளே கடையைப் பூட்ட வேண்டியதுதான்.

கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த புய் முன் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்க சொன்னா சித்தி கேப்பாங்க. அப்பாவும் அம்மாவும் போனப்புறம் என்னை வளர்த்தது அவங்க. கோயில்ல என் கையைப் பிடிச்சு நடத்திட்டுப் போக வேற யாரு இருக்கா?"

"பினாங்கு மாமா கோட்டெல்லாம் போட்டுட்டு நிக்கிறாரே."

"அவரு என் பேரையே ரெண்டு தடவை மாத்திக் கூப்பிட்டாரு."

சித்தி சௌ யிங் பின்கட்டில் டீக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவியதையே மறுபடி கழுவினாள். அவளை யாரும் அங்கே தள்ளவில்லை. அவளே போய் நின்றுகொண்டாள்.

"வரமாட்டேன்," என்றாள், குவாய் ஹியோங் வாயைத் திறக்கும் முன்பே. "நான் புலி. மோதிரம் மாத்தி, மாப்பிள்ளை வீட்டுப் பெரியவங்களுக்கு டீயும் குடுத்து முடியற வரைக்கும் அவ முகத்துல முழிக்க மாட்டேன். நாளைக்கு அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் தாங்குவேனா?"

"பொண்ணு ஏங்குதுடி."

"ஏங்கட்டும். நல்லா இருக்கட்டும். எங்க அக்கா கல்யாணத்தப்பவும் நான் இதே அடுப்படியிலதான் நின்னேன். கார் கிளம்புற சத்தம்தான் கேட்டுது."

அந்தக் கல்யாணம் குவாய் ஹியோங்குக்கு நன்றாக நினைவிருந்தது. அப்போது இருவருக்கும் பதினெட்டு. ஒருத்தி அடுப்படியில், இன்னொருத்தி அப்பாவின் பிளாஷ் பல்புகளைச் சுமந்துகொண்டு மணப்பெண் அறையில். சொல்லிவிடலாம். ஆனால் அந்த மணப்பெண் சௌ லான் எட்டு வயதுப் புய் முன்னை விட்டுவிட்டுக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தவள். ஒரு புலி அவள் அறைக்குள் இருந்தது என்று தெரிந்தால் இவள் என்ன நினைப்பாள்?

வாசலில் பட்டாசு வெடித்தது. மாப்பிள்ளையின் கார் வந்துவிட்டது. இனி யோசிக்க நேரமில்லை.

"நானும் புலிதான்," என்றாள் குவாய் ஹியோங்.

சௌ யிங்கின் கையிலிருந்த கோப்பை தொட்டிக்குள் விழுந்தது. "நீ மாடுல்ல?"

"அப்பா கட்டின கதை."

"அப்போ எங்க அக்கா ரூமுக்குள்ள..." அவள் முகம் வெளுத்தது. "பாவி! நீ உள்ள போனியா? அதனாலதான் அவ..."

"திட்டு. வேணும்னா அடி. ஆனா முழுசாக் கேட்டுட்டு அடி. எந்த வருஷம்டி நீன்னு உங்க அக்கா கேட்டா. எனக்குப் பொய் வரலை, புலின்னுட்டேன். வெளிய அனுப்பிடுவான்னு நடுங்கிட்டு நின்னேன். அவ விழுந்து விழுந்து சிரிச்சா."

"சிரிச்சாளா?"

"'நல்லதாப் போச்சு. என் தங்கச்சியும் புலிதான், பைத்தியக்காரி, கூப்பிட்டாலும் வரமாட்டா. அவளுக்குப் பதிலா நீ என் பக்கத்துலயே இரு'ன்னா. கிளம்புற வரைக்கும் என்னை விடவே இல்ல."

சௌ யிங் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுதாளா, கோபப்பட்டாளா என்று சொல்ல முடியாது. வெளியே தோழிப் பெண்கள் மாப்பிள்ளையைக் கேலி செய்து கதவைத் திறக்க மறுக்கும் கூச்சல் கேட்டது. அவன் பாடினால்தான் திறப்பார்களாம். அவன் பாட்டு கேட்கச் சகிக்கவில்லை.

"கூப்பிட்டாலும் வரமாட்டான்னா சொன்னா?" என்றாள் சௌ யிங்.

"ஆமா."

"கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன்டி," என்றாள். பிறகு, "இல்ல. வந்திருக்க மாட்டேன்," என்று தானே சொல்லிவிட்டு எழுந்தாள். ஈரக் கையைக் கவுனிலேயே துடைத்துக்கொண்டு நேராக மாடிப்படி ஏறினாள்.

அறை வாசலில் சாம் கூ இரண்டு கைகளையும் விரித்து மறித்தாள். "ஏய், புலி! எங்க வர்றே?"

"நகரு. அவ அம்மா இருந்திருந்தா உன்னைக் கேட்டுட்டா உள்ள போவா?"

"ஏதாவது ஆச்சுன்னா?"

"பயமாத்தான் இருக்கு. இருந்தாலும் போறேன்."

குவாய் ஹியோங் பின்னாலேயே வந்து நின்றாள். "சாம் கூ, ஒரு புலிக்குப் பயந்து என்ன ஆகப்போகுது? உங்களோட இத்தனை கல்யாணத்துல கூடவே சுத்துறேனே, நானும் புலிதான்."

சாம் கூ விரித்த கைகளை இறக்கிக்கொண்டு ஒதுங்கினாள். பகல் முடிவதற்குள் இது ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்பது குவாய் ஹியோங்குக்குத் தெரியும். ஆனாலும் கேமராவைத் தூக்கினாள்.

புய் முன் சட்டென்று எழுந்தாள். சௌ யிங் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "காலையில எதாவது சாப்பிட்டியா? இடுப்பே இல்ல," என்று அதட்டினாள்.

மாதா கோயிலுக்குள் ஆர்கன் ஒலிக்க ஆரம்பித்தது. பினாங்கு மாமா கோட்டோடு மூன்றாவது வரிசையில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். சித்திக்கும் பெண்ணுக்கும் முன்னால் குவாய் ஹியோங் படமெடுத்தபடியே பின்பக்கமாக நடந்தாள். சௌ யிங் பெண்ணின் விரல்களைத் தன் கைக்குள் பொத்தியிருந்தாள்.

"கை ஜில்லுன்னு இருக்கு," என்றாள் தாழ்ந்த குரலில், பாதையைப் பார்த்தபடியே. "அக்காவுக்கும் அன்னைக்கு இப்படித்தான் இருந்துச்சா?"

குவாய் ஹியோங்குக்கு அது சுத்தமாக நினைவில்லை.

"இப்படியேதான்," என்றாள். "நான் பிடிச்சிட்டிருந்தேன்."