இடக்கை முறுக்கு

"பாலத்துக்குக் கீழ மட்டும் இறங்காத, டெஸ்."

"ஏன், அங்க முதலை படுத்திருக்கா?"

"சேறு. இடுப்பு வரைக்கும் இழுத்துடும். சொன்னா கேளு."

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், ஓடெஸா முதன்முதலாக ஆற்றைச் சுத்தம் செய்யக் கிளம்பிய காலையில், கணவன் ஹார்லன் காபிக் கோப்பையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னது அது. ஆற்றங்கரையில் இரும்புக்கு முலாம் பூசும் ஆலையில், அது மூடப்படும்வரை லாரி ஓட்டியவன் அவன். சேற்றின் ஆழம் லாரிக்காரனுக்கு எப்படித் தெரியும்? கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயந்து, கேள்வியை விழுங்கிக்கொண்டாள்.

அன்றிலிருந்து மாதத்தின் முதல் சனிக்கிழமை தவறாமல் தெருக்காரர்களைத் திரட்டிக்கொண்டு ரூஜ் ஆற்றில் இறங்கினாள். டயர், மெத்தை, ஒரு தடவை முழு ஃப்ரிட்ஜ். அன்றைக்கு வினோதமான பொருளை எடுத்தவருக்குத் தங்கநிறம் பூசிய ஒற்றை பூட்ஸ் பரிசு. பாலத்தடிக்கு மட்டும் யாரையும் விடவில்லை. சேறு என்று அவளும் சொன்னாள்.

இந்தச் சனிக்கிழமை அவள் கரையில் வந்தவர்களின் பெயரை எழுதிக்கொண்டிருந்த நேரத்தில், பக்கத்து வீட்டு டெல்ராய் பாலத்தடியில் இறங்கிவிட்டான்.

"அக்கா, பூட்ஸைத் துடைச்சு வை! இந்த மாசம் என் பொண்டாட்டி அதுல பூ வைக்கப்போறா!"

ஆறு பேர் கயிறு போட்டு இழுத்தார்கள். இரும்புப் பீப்பாய் ஒன்று வந்தது.

"விஸ்கியாடா?"

"விஸ்கின்னா எவன்டா ஆத்துல போடுவான்?"

டெல்ராய் அதைக் கட்டிப்பிடித்துப் புரட்டினான். துருப்பிடித்த அடித்தகடு பெயர்ந்தது. மஞ்சளாக ஏதோ அவன் கைகளில் வழிந்தது. சிரிப்பு அடங்குவதற்குள் அவன் அலறல் கேட்டது.

ஆம்புலன்ஸ் போனபிறகுதான் ஓடெஸா பீப்பாயைச் சரியாகப் பார்த்தாள். மூடியைச் சுற்றிச் செம்புக் கம்பி, பச்சையேறிக் கிடந்தது. எல்லோரும் வலப்பக்கம் முறுக்குவார்கள். இது இடப்பக்கம் முறுக்கியிருந்தது. வீட்டில் தக்காளிச் செடியிலும் வேலிக் கதவிலும் முப்பத்தெட்டு வருஷமாக அவள் பார்க்கிற முறுக்கு. அவிழ்க்கப்போய்த் தப்பாகத் திருப்பி, விரலைக் கிழித்துக்கொண்டு, 'இடக்கைப் பிசாசே' என்று எத்தனை தடவை ஹார்லனைத் திட்டியிருக்கிறாள்!

நகராட்சி ஆட்கள் வருவதற்குள் கம்பியை வெட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை.

"ஒரே ஒரு பீப்பாய்தாம்மா. எவனோ எப்பவோ போட்டது. அடுத்த மாசம் நீங்க தாராளமா இறங்கலாம்" என்று சொல்லிவிட்டு அதை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அவள் வீட்டுக்கு வந்தபோது ஹார்லன் பீன்ஸ் கிளறிக்கொண்டிருந்தான்.

"டெல்ராய்க்கு எப்படி இருக்கு?"

"ரெண்டு கையும் வெந்துபோச்சு. விரல் மிஞ்சுமான்னு தெரியலையாம்."

கரண்டி நின்றது. "பாலத்தடி வேணாம்னு அப்பவே சொன்னேனே."

"எனக்கு மட்டும்தானே சொன்ன."

அவள் தங்க பூட்ஸை மேஜைமேல் வைத்தாள். "இந்த மாசப் பரிசு உனக்குத்தான்."

அவன் பூட்ஸுக்குள் எட்டிப் பார்த்தான். உள்ளே கிடந்த செம்புக் கம்பியைத் தொடவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு மெதுவாக உட்கார்ந்தான்.

"ஆலையில போடச் சொன்ன இடத்துலயெல்லாம் போட்டேன், டெஸ். பிள்ளைங்க சின்னதுங்க அப்போ..."

"அதை நான் கேக்கல."

அவன் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒன்பது வருஷமாகத் தொண்டையில் கிடந்தது, கடைசியில் சத்தமாகவே வந்தது.

"நாளைக்கு என்கூட ஆத்துக்கு வா, ஹார்லன். மீதியெல்லாம் எங்கெங்க கிடக்குன்னு, எல்லார் முன்னாடியும் நின்னு கையை நீட்டிக் காட்டு."